பென்சில் பதில்கள்: ஆறு மேலே, வயல் கீழே

போன இதழின் நடுப்பக்கத்தில் நான் வரைந்த பென்சில் படம் ஒன்று வந்திருந்தது. ஆம்ஸ்டர்டாமுக்குத் தென்கிழக்கே, அப்கவுடே ஊருக்கு வெளியே ஓடும் ஹைன் ஆற்றங்கரை. இடப்பக்கம் ஆறு, நடுவில் கரை, வலப்பக்கம் போல்டர் வயல், அதாவது கரை கட்டி நீரை வடித்த தாழ்நிலம். வயலில் ஒரு வாய்க்கால், அதன் ஓரமாக வில்லோ மரங்கள், தூரத்தில் ஒரு காற்றாலை. 40க்கு 30 சென்டிமீட்டர் தாள். கிராஃபைட் பென்சில் தவிர வேறொன்றும் கிடையாது. அதைப் பற்றி வந்த கடிதங்களுக்குத்தான் இந்த முறை பதில். பாராட்டியவர்களுக்கு நன்றி. குறை சொன்னவர்களை முன்னால் எடுத்திருக்கிறேன், அவர்கள் கடிதங்களில்தான் விஷயம் இருக்கிறது.

கே: ஐயா, படத்தில் மூன்றில் இரண்டு பங்கு வெற்றுத் தாளாக இருக்கிறதே. பாதியில் நிறுத்திய படத்தையா கொடுத்தீர்கள்?
(வாசகர், ஆம்ஸ்டெல்வேன்)

ப: முடித்த படம்தான். உங்கள் ஊரிலிருந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு அவுடர்கெர்க் பக்கம் போங்கள், ஆம்ஸ்டல் ஆற்றங்கரை வந்துவிடும். அங்கே நின்று வயல் பக்கம் பாருங்கள். கண்ணுக்கு நேரே ஒரு கோடு, அதற்குக் கீழே கொஞ்சம் புல், கொஞ்சம் மாடு, மிச்சமெல்லாம் வானம். நெதர்லாந்தின் ஐரோப்பியப் பகுதியிலேயே உயரமான இடம் தெற்கு மூலையில் இருக்கும் ஃபால்ஸ் குன்று, அதுவே 322 மீட்டர்தான். மேற்குப் பக்கத்தில் தொடுவானத்தை மறிக்க மலை என்ற பேச்சே இல்லை.

தி ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹைஸ் மியூசியத்தில் யாகோப் ஃபான் ரய்ஸ்டால் 1670களின் முற்பகுதியில் தீட்டிய ஹார்லெம் காட்சி இருக்கிறது. கடலோர மணல்மேட்டில் நின்று ஊரைப் பார்க்கிற பார்வை. கீழே வெளுப்பதற்காக நீளநீளமாக விரித்த துணிகள், தொடுவானத்தில் சின்னதாகப் பாவோ தேவாலயம், அதற்கு மேலே படத்தில் பெரும்பங்கு மேகம். அவரைப் பார்த்து யாரும் ‘பாதியில் நிறுத்திவிட்டீர்களா’ என்று கேட்பதில்லை, அவரிடம் எண்ணெய் வண்ணம் இருந்தது. பென்சில்காரனுக்கு உள்ள ஒரே வெள்ளை, தாளின் வெள்ளை. அதை விட்டுவைக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் அது முற்றிலும் வெற்றுத் தாளும் அல்ல. அச்சில் சரியாக விழவில்லை என்று நினைக்கிறேன். கையில் இதழ் இருந்தால் காற்றாலைக்கு மேலே உற்றுப் பாருங்கள், படுக்கை வசமாக மெல்லிய சாம்பல் பட்டைகள் தெரியும். அவை மேகங்களின் அடிப்பாகம். ஈரக்காற்று மேலே ஏறும்போது ஒரு குறிப்பிட்ட உயரத்தில் குளிர்ந்து நீர்த்துளியாகிறது. அதனால் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற பஞ்சு மேகங்கள் எல்லாவற்றுக்கும் அடி ஏறக்குறைய ஒரே மட்டத்தில் தட்டையாக இருக்கும். தலைக்கு மேலே வரும்போது அந்த அடி அகலமாகத் தெரியும்; தொடுவானத்தை நெருங்க நெருங்க ஒடுங்கி, ஒன்றோடொன்று நெருங்கி, கடைசியில் வெறும் கோடுகளாகிவிடும். தூரம் போகப் போகச் சிறுத்து ஒடுங்கும் பெர்ஸ்பெக்டிவ் தரைக்கு உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். வானத்துக்கும் உண்டு என்பதைப் பலர் மறந்துவிட்டு மேகங்களை ஒரே அளவில் தூவிவிடுகிறார்கள். உடனே வானம் சுவரில் ஒட்டிய தாள் மாதிரி ஆகிவிடும். ரய்ஸ்டால் படத்தில் இந்த ஒடுங்கலை மட்டும் கவனித்துவிட்டு வாருங்கள், மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான் செய்தது இது: 2எச் பென்சிலை உப்புத்தாளில் தேய்த்துத் தூள் எடுத்து, மெல்லிய துணியால் தொட்டு, மேகங்களின் அடியில் மட்டும் படிய வைத்தேன். பிறகு பிசைகிற ரப்பரால் விளிம்புகளை ஒற்றி எடுத்தேன். கோடு எதுவும் போடவில்லை. மேகத்தைச் சுற்றிக் கோடு போட்டால் அது மேகமாக நிற்காது.

கே: ஆறு வயலைவிட உயரத்தில் இருப்பதாக வரைந்திருக்கிறீர்கள். தண்ணீர் மேட்டிலும் நிலம் பள்ளத்திலும் எப்படி இருக்கும்? பெர்ஸ்பெக்டிவ் தவறிவிட்டதா?
(வாசகி, தி ஹேக்)

ப: தவறவில்லை. இப்படி ஒரு கடிதம் வரும் என்று எதிர்பார்த்தேதான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். நான் ஓவியக் கல்லூரியில் படித்தவன் இல்லை. வேலை பார்த்த காலம் முழுக்க ஒரு பொறியியல் அலுவலகத்தில் கரைகளுக்கும் மதகுகளுக்கும் குறுக்குவெட்டுப் படம் போட்டுக்கொண்டிருந்தவன். அதனால் எங்கே போய் நின்றாலும் கண் முதலில் தேடுவது மரத்தையோ ஆலையையோ அல்ல, நீர்மட்டத்தை. டச்சு நாட்டுப்புறத்தை வரைய வருபவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். முதலில் எத்தனை நீர்மட்டம் கண்ணில் படுகிறது என்று எண்ணுங்கள்.

அந்தப் பகுதியெல்லாம் ஒரு காலத்தில் சதுப்பு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செடிகொடி முழுதாக மக்காமல் படிந்து உண்டான பஞ்சு போன்ற பீட் மண். 11ஆம் நூற்றாண்டு வாக்கிலிருந்து விவசாயிகள் அதில் நேர்நேராக வாய்க்கால் வெட்டி நீரை வடித்துப் பயிர் வைத்தார்கள். நீர் வடிந்த பீட் மண் சுருங்கும். காற்றுப் பட்டதும் மக்கிக் கரைந்தே போகும். நிலம் இறங்கியது. இறங்கிய நிலத்தில் மறுபடி நீர் தேங்கியது, இன்னும் ஆழமாக வெட்டினார்கள், நிலம் இன்னும் இறங்கியது. ஆறு மட்டும் கரைகளுக்கு நடுவில் தன் பழைய உயரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் வயல் நீர் தானாக ஆற்றுக்குப் போக முடியாத நிலை வந்தது. அப்புறம்தான் காற்றாலை. 15ஆம் நூற்றாண்டிலிருந்து அவை செய்த வேலை, வயல் வாய்க்கால் நீரைத் தூக்கி ஆற்றில் ஊற்றுவது. ஆலையின் அள்ளு சக்கரம் ஒரு தடவையில் சுமார் ஒன்றரை மீட்டர்தான் தூக்கும். ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே, 1612இல் ஏரியை வற்றவைத்து உண்டாக்கிய பீம்ஸ்டர் போல்டர் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய மூன்றரை மீட்டர் கீழே. அங்கே ஓர் ஆலை தூக்கியதை அடுத்த ஆலை தூக்கும்படி வரிசையாக நிறுத்தினார்கள். இன்று அந்த வேலையை மின்பம்புகள் செய்கின்றன. நிலம் இறங்குவது மட்டும் நிற்கவில்லை. ரோட்டர்டாமுக்குப் பக்கத்தில், நியூவெர்கெர்க் ஊரருகே உள்ள இடம் கடல்மட்டத்துக்கு 6.7 மீட்டர் கீழே, நாட்டிலேயே தாழ்வான பகுதி.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் பார்க்கும் வாய்க்காலில் நீர் எந்த உயரத்தில் நிற்கிறது என்பது இயற்கை முடிவு செய்த விஷயம் இல்லை. நாட்டில் 21 நீர் வாரியங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வாய்க்காலுக்கும் மட்டம் என்ன, கோடைக்கு எவ்வளவு, குளிர்காலத்துக்கு எவ்வளவு என்று தீர்மானம் போட்டு நிர்ணயிப்பது அவர்கள்தான். அந்த வாரியங்களுக்குத் தேர்தல்கூட நடக்கிறது. மதகுகளில் செருகியிருக்கும் அளவுப் பலகையைப் பாருங்கள், ஆம்ஸ்டர்டாம் மட்டத்தை (ஏறக்குறைய கடல்மட்டம்) சுழியமாக வைத்து இத்தனை கீழே என்று எண் போட்டிருக்கும். நான் குறிப்பேட்டின் ஓரத்தில் அந்த எண்ணையும் எழுதிக்கொள்வேன். மேகத்தின் பெயரை எழுதிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள், இது என் கிறுக்கு.

சரி, வரைவது எப்படி? நின்றபடி பார்த்தால் தொடுவானக் கோடு எப்போதும் உங்கள் கண் மட்டம். ஆறும் வாய்க்காலும் ஒரே திசையில் ஓடினால் இரண்டின் விளிம்புகளும் அந்தக் கோட்டில் ஒரே புள்ளியில் போய்ச் சேரும். ஆனால் ஆற்றுநீர் கண் மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, வாய்க்கால் நீர் நன்றாகக் கீழே இருக்கிறது. அதனால் உங்களிடமிருந்து பக்கவாட்டில் ஒரே தூரம் என்றாலும் ஆற்றின் விளிம்பு படுத்தவாக்கில் வரும், வாய்க்காலின் விளிம்பு சரேலென்று இறங்கி வரும். என் படத்தில் அந்த இரண்டு கோடுகளின் சாய்வு வித்தியாசம்தான் ‘ஆறு மேலே’ என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறது. அதைப் பிடித்துவிட்டீர்கள், பிறகு நம்பத்தான் தயங்கிவிட்டீர்கள்.

கரை மேல் ஏறுவதால் இன்னொரு லாபமும் உண்டு. சமதரையில் கண் 1.7 மீட்டர் உயரத்தில் இருந்தால் தொடுவானம் சுமார் 4.7 கிலோமீட்டர் தூரம். கண் 5 மீட்டர் உயரத்துக்கு ஏறினால் 8 கிலோமீட்டர். வயலில் நின்றபோது ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கிடந்த வாய்க்கால்களெல்லாம் கரையில் ஏறியதும் பிரிந்து தனித்தனிப் பட்டையாகத் தெரியும். அதற்குப் பிறகுதான் வரைய ஏதாவது இருக்கும்.

தண்ணீரில் தெரியும் பிம்பம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பொதுவான விதி இது: தண்ணீரில் வெளிச்சமான பொருள் சற்று இருண்டும், இருண்ட பொருள் சற்று வெளுத்தும் விழும். வானத்தைவிட வாய்க்கால் ஒரு படி அழுத்தமாக இருக்கட்டும். இரண்டையும் ஒரே வெள்ளையாக விட்டால் வயலில் துளை விழுந்த மாதிரி தெரியும்.

கே: என்ன பென்சில், என்ன தாள்?
(வாசகர், சூட்டர்மேர். இதே கேள்வி இன்னும் பலரிடமிருந்தும்)

ப: 2எச், எச்பி, 2பி, 4பி. இந்த நாலு போதும். பன்னிரண்டு பென்சில் தகரப் பெட்டி கடையில் அழகாக இருக்கும், கரையில் காற்றடிக்கும்போது பெட்டியைத் துரத்திக்கொண்டு ஓடுவீர்கள்.

கிராஃபைட்டைப் பற்றி ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாரோடேல் பள்ளத்தாக்கில் கிடைத்த கிராஃபைட்டை அப்படியே அறுத்துக் குச்சியாக்கி எழுதினார்கள். 1795இல் பிரான்சில் நிக்கோலா-ழாக் கோன்டே என்பவர் கிராஃபைட் தூளைக் களிமண்ணோடு பிசைந்து சுடும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். களிமண் கூடினால் கடினம், குறைந்தால் மென்மை. எச், பி என்பதெல்லாம் அந்தக் கலவையின் அளவுதான்: எச் கடினம், பி மென்மை. கிராஃபைட் தட்டையான செதில்களால் ஆனது. அழுத்தித் தேய்த்தால் செதில்கள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கண்ணாடி மாதிரி மின்னும், கருப்பு வேண்டிய இடத்தில் பளபளப்பு வரும். எனவே கருப்பு வேண்டுமானால் எச்பியை அழுத்தாதீர்கள், 4பியை லேசாகப் பல அடுக்குப் போடுங்கள்.

இந்தப் பளபளப்பு வான்காவையும் படுத்தியிருக்கிறது. 1882 வாக்கில் தி ஹேக்கில் இருந்தபோது அவர் தச்சர்கள் பயன்படுத்தும் தடித்த பென்சிலால் வரைந்தார். மினுக்கு போவதற்காகவும் கருப்பு ஒட்டிக்கொள்வதற்காகவும் படத்தின் மேல் பால் விட்டதைக் கடிதங்களில் எழுதியிருக்கிறார். நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். தடித்த தாள், உறுதியான முரட்டுப் பரப்பு அவருக்கு இருந்தது.

தாள் கொஞ்சம் சொரசொரப்பாக, அமிலம் இல்லாததாக இருக்கட்டும். வழவழப்பான தாளில் புல் வராது. காகிதத்தில் ஆர்வம் உள்ளவர்கள் சானே ஆற்றுப் பகுதியில், வெஸ்ட்சான் ஊரில் ‘டி ஸ்கோல்மீஸ்டர்’ ஆலையைப் போய்ப் பாருங்கள். 1692இல் கட்டியது. காற்றின் விசையால் காகிதம் செய்யும் ஆலை உலகத்திலேயே இன்று அது ஒன்றுதான்.

கே: என் மகளுக்கு ஒன்பது வயது. காற்றாலை வரைந்தாள், ‘இது பொம்மை ஆலை’ என்று அண்ணன் கேலி செய்கிறான். எங்கே தப்பு என்று சொல்வீர்களா?
(ஒரு தாய், ஐந்தோவன்)

ப: அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கோடு தைரியமாக வருகிறது, அதைக் கெடுக்காமல் இரண்டு மூன்று விஷயம் மட்டும் சொல்லிக்கொடுங்கள்.

முதலாவது, இறக்கை இருபக்கமும் ஒரே அகலமாக இருக்காது. நடுமரத்தின் ஒரு பக்கம் குறுகலான பலகை, மறுபக்கம் துணி விரிக்கிற அகலமான சட்டம். முன்னால் நின்று பார்த்தால் டச்சு ஆலைகள் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். ஆகவே மேல்நோக்கி நிற்கும் இறக்கையில் குறுகலான பலகை இடப்பக்கம், அகலச் சட்டம் வலப்பக்கம் வரும். இதை மாற்றிப் போட்டால் ஆலை பின்னோக்கிச் சுற்றுகிறது என்று அர்த்தம். அண்ணனுக்கும் இது தெரிந்திருக்காது, கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, பெரும்பாலான போல்டர் ஆலைகளில் உச்சியிலுள்ள தொப்பி மட்டும் காற்றுப் பக்கம் திரும்பும். அதைத் திருப்புவது பின்புறமாகத் தரைவரை இறங்கும் கட்டைகளால். இறக்கை எந்தப் பக்கமோ அதற்கு நேர் பின்னால் அந்தக் கட்டைகள் வர வேண்டும். உங்கள் மகள் அவற்றைப் பக்கவாட்டில் போட்டிருக்கிறாள், அதனால்தான் பொம்மை போல இருக்கிறது.

மூன்றாவது வேடிக்கையானது. ஆலை நிற்கும் நிலைக்கும் அர்த்தம் உண்டு. நீண்ட ஓய்வில் இறக்கைகள் பெருக்கல் குறி மாதிரி நிற்கும். மேல் இறக்கை உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்னால், அதாவது வலப்பக்கம் நின்றால் பெரும்பாலான பகுதிகளில் மகிழ்ச்சி; உச்சியைத் தாண்டி இடப்பக்கம் நின்றால் துக்கம். கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஆலைக்காரர்கள் இப்படித் தெரிவித்தார்கள். எந்த நிலை வேண்டும் என்று பாப்பாவே முடிவு செய்யட்டும்.

கின்டர்டைக்கில் 19 ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. கூட்டம் அதிகம்தான், ஆனால் குழந்தைக்கு எல்லாக் கோணமும் ஒரே நடையில் கிடைத்துவிடும்.

கே: உங்கள் மரங்களுக்குத் தலையே இல்லையே, யார் வெட்டினார்கள்?
(வாசகர், உத்ரெக்ட்)

ப: மாட்டுக்காரர்கள். வில்லோவை ஆள் உயரத்துக்குச் சற்று மேலே வெட்டினால் அந்த இடத்திலிருந்து நேராகப் புதுக் கிளைகள் கிளம்பும். மாட்டுக்கு வாய் எட்டாது. சில வருடங்களுக்கு ஒருமுறை குளிர்காலத்தில் மறுபடி வெட்டுவார்கள். கூடை, வேலி, கருவிப்பிடி எல்லாவற்றுக்கும் அந்தக் கழிகள் போயின. வேர்கள் வாய்க்கால் கரையைப் பிடித்துக்கொள்ளும். வெட்டி வெட்டி அந்த இடம் முஷ்டி போலப் புடைத்துவிடும், முதிர்ந்த மரம் உள்ளே பொந்தாகி ஆந்தைக்கு வீடாகும். இப்படி ஒரு வரிசை மரங்களைப் பார்த்து, அநாதை விடுதியிலிருந்து ஊர்வலமாக வரும் கிழவர்கள் மாதிரி இருக்கிறது என்று வான்கா எழுதினார். 1884இல் நியூனனில் அவர் பென்சிலும் பேனாவும் கொண்டு வரைந்த தலைவெட்டிய பர்ச் மரங்கள் ஆம்ஸ்டர்டாம் வான்கா மியூசியத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு மரமும் வேறு ஆள். வரையும்போது புடைப்பை முதலில் போடுங்கள், கழிகளைக் கடைசியில், கீழிருந்து மேலாக, ஒரே இழுப்பில். மேலிருந்து கீழே இழுத்தால் நுனி தடித்துவிடும்.

கே: ரெம்பிராண்ட் காலத்து டச்சு ஓவியர்கள் கிராஃபைட்டில் நிலக்காட்சி வரைந்தார்களா? எங்கே பார்க்கலாம்?
(மாணவி, குரோனிங்கன்)

ப: நிலத்தை வரைந்தவர்கள் பெரும்பாலும் கருஞ்சுண்ணாம்புக் குச்சிதான் வைத்திருந்தார்கள். யான் ஃபான் ஹோயன் (1596-1656) குறிப்பேட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் அதில்தான் வரைந்தார், மேலே சாம்பல் நிறம் கரைத்து ஒரு பூச்சு. டூலிப் கிழங்கு வியாபாரத்தில் 1637இல் பணத்தை விட்டவர், கடனோடு செத்தவர், கை மட்டும் கடைசிவரை ஓயவில்லை. ரெம்பிராண்ட் ஆம்ஸ்டல் கரையைப் பேனாவிலும் செப்புத்தகட்டிலும் பதித்தார். கிராஃபைட்டைத் தாராளமாக எடுத்துக்கொண்டவர்கள் கப்பல் வரைந்தவர்கள்: வில்லம் ஃபான் டி ஃபெல்ட, தந்தையும் மகனும். ஆடுகிற படகில் உட்கார்ந்து மைக்கூட்டைத் திறக்க முடியாது அல்லவா, காரணம் அதுதான் என்பது என் ஊகம்.

ஹைன் ஆற்றங்கரைக்கே திரும்பினால் ஓவியர் மொந்திரியான் இருக்கிறார். அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த சிவப்பு நீலக் கட்ட ஓவியங்களுக்கு முன்னால், 1900களின் தொடக்கத்தில், இதே ஆற்றோரத்து மரங்களையும் ஓஸ்ட்சைட்ஸே ஆலையையும் திரும்பத் திரும்ப வரைந்தார். நிலவொளியில் அந்த ஆலை இருக்கும் ஓவியம் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. கிடைக்கோடு, நிலைக்கோடு என்ற பைத்தியம் அவருக்கு இந்த வயல்களில்தான் பிடித்தது என்று எனக்கு ஒரு நினைப்பு.

பழைய வரைபடங்களை நிரந்தரமாகச் சுவரில் மாட்ட மாட்டார்கள், வெளிச்சம் தாளைக் கெடுக்கும். ஹார்லெமில் 1784இல் திறந்த டெய்லர்ஸ் மியூசியம் தன் சேகரிப்பை மாற்றி மாற்றிக் காட்டுகிறது. ரைக்ஸ் மியூசியத்தின் இணையதளத்தில் பெரிய அளவுப் படங்களை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். நூறு மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள், பாடம் அங்கே இருக்கிறது.

கே: மன்னர் நாள் தெருச் சந்தையில் 15 யூரோவுக்கு ஒரு பென்சில் படம் வாங்கினேன். வயல், கால்வாய், மரங்கள். மூலையில் ‘வி.ஜி. 1651’ என்று இருக்கிறது. ஃபான் ஹோயன் அப்படித்தான் கையெழுத்துப் போடுவார் என்று படித்தேன். புகைப்படம் இணைத்துள்ளேன். உண்மையானதா?
(வாசகர், ரோட்டர்டாம்)

ப: அவர் அப்படிக் கையெழுத்துப் போட்டது உண்மைதான். அது தெரிந்தவர்கள் சந்தையிலும் உண்டு. கையெழுத்தைக் கடைசியில் பாருங்கள்.

படத்தைச் சாய்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். கருப்பு மின்னினால் கிராஃபைட், மின்னாமல் இருந்தால் கருஞ்சுண்ணாம்பு. பூதக்கண்ணாடியில் சீரான புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு, அதற்கு மேல் ஆராய வேண்டாம். பிறகு சட்டத்திலிருந்து கழற்றித் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். 17ஆம் நூற்றாண்டுத் தாளில் கம்பிச் சல்லடையின் கோடுகள் வரிவரியாகத் தெரியும், பல தாள்களில் நீர்க்குறியும் இருக்கும். வரியே இல்லாத சமமான தாள் 18ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் வந்தது.

ஆனால் உங்கள் விஷயத்தில் இவ்வளவு சிரமம் வேண்டாம். மூன்றாவது மரத்துக்குப் பின்னால் நிற்பது மின்கம்பம்.

அதற்காகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வரைந்தவருக்கு நல்ல கை. கால்வாய்க்கும் வயலுக்கும் நீர்மட்ட வித்தியாசத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார், கம்பத்தையும் மறைக்காமல் போட்டிருக்கிறார். கையெழுத்து வேறு பென்சில், வேறு அழுத்தம். அதைச் சேர்த்தது வேறு யாராவது விற்பனைக்காரராக இருக்கலாம். 15 யூரோவுக்கு எனக்குக் கிடைத்திருந்தால் நானே வாங்கியிருப்பேன். அமிலம் இல்லாத அட்டை வைத்து, கண்ணாடி தாளில் ஒட்டாதபடி இடைவெளி விட்டு, வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். கிராஃபைட் கரிதான், அது மங்காது; பழுப்பது தாள். ரப்பர் வைத்துச் சுத்தம் செய்யும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

கே: செல்போனில் படம் எடுத்து வந்து வீட்டில் வரையலாமா?
(வாசகர், அல்மேர்)

ப: வரையலாம். ஆனால் லென்ஸ் தூரத்தில் இருப்பதைச் சுருக்கிவிடும், தொடுவானத்துத் தேவாலயம் புள்ளியாகிவிடும். இடத்திலேயே கிறுக்கலாக ஒரு அளவு எடுத்துக்கொள்ளுங்கள். வான்கா 1882இல் நூல் கட்டிய ஒரு சட்டம் செய்வித்து, அதை மணலில் ஊன்றி அதன் வழியாகப் பார்த்து அளவு எடுத்தார். அட்டையில் ஒரு சதுரம் வெட்டிக்கொண்டால் உங்களுக்கும் அதே வேலை நடக்கும்.

கே: வயலுக்குள் இறங்கி உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தேன். ஒரு விவசாயி வந்து எழுப்பிவிட்டார். இதற்கெல்லாம் தடையா?
(வாசகி, ஸ்வொல்ல)

ப: ஆமாம். வேலியில் ‘நுழையத் தடை, 461ஆம் பிரிவு’ என்று பலகை இருந்திருக்கும், அது குற்றவியல் சட்டத்தின் பிரிவு. வசந்தத்தில் இன்னும் கண்டிப்பு. நாட்டின் தேசியப் பறவை, இங்கே குரூட்டோ என்று சொல்கிற கருவால் மூக்கன், புல்லுக்குள் தரையில்தான் முட்டையிடும். அடைகாக்கும் காலத்தில் வயல் பாதைகளையே பல இடங்களில் மூடிவிடுவார்கள். கரைமேல் உள்ள பொதுப்பாதையில் உட்காருங்கள். மேலே சொன்ன கணக்குப்படி அங்கிருந்துதான் நன்றாகவும் தெரியும்.

கே: இவ்வளவு பச்சையான நாட்டைப் பென்சிலில் எதற்கு வரைய வேண்டும்? கலர் போட்டால் என்ன?
(வாசகர், லைடன்)

ப: பச்சைதான் தொல்லையே. ஜூன் மாதத்தில் புல்லும் நாணலும் மரமும் எல்லாம் பச்சை; நிறத்தில் வேறு வேறாகத் தெரிந்தாலும் பென்சிலுக்கு மாற்றினால் மூன்றும் ஒரே சாம்பல். எவ்வளவு தேய்த்தாலும் மரம் புல்லிலிருந்து பிரிந்து வராது. அதனால் பென்சில்காரனின் பருவம் நவம்பரிலிருந்து மார்ச் வரை. இலை உதிர்ந்து வில்லோவின் எலும்பு தெரியும், நாணல் வெளுத்துவிடும், வாய்க்கால் அழுத்தமாகத் தெரியும், பனிமூட்டம் தூரத்தைப் படிப்படியாகப் பிரித்துக் கொடுத்துவிடும். டிசம்பர் பின்பாதியில் நடுப்பகலிலும் சூரியன் சுமார் 14 டிகிரிதான் ஏறும், மரத்தின் நிழல் மரத்தைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு நீளம் வயலில் கிடக்கும். வெயில் வருகிற நாள் அபூர்வம் என்பது வேறு விஷயம். விரல் நுனி வெட்டிய கையுறை, உட்கார ஒரு ரப்பர் பாய், பிளாஸ்க்கில் காபி, தாளைப் பிடிக்க நாலு கிளிப். ஜூலையில்தான் எனக்கு விடுமுறை என்பவர்கள் வாட்டர்கலர் வாங்கிக்கொள்ளுங்கள்.